குளத்தை மூணு சுத்து

...பூட்டும் போட்டுப் பாத்தாச்சு தம்பி! பூட்டைப் போட்டா சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுட்டு, கேட்டு மேல ஏறிக் குதிக்கிறானுங்க. அந்த இறுக்கிப் பிடிச்ச கால்சட்டையோட அவனுங்க காலைத் தூக்கிப் போடுறது இருக்கே... காலங்காத்தால எந்திரிச்சு பாக்குற காட்சியா அது? உக்காரு, உக்காரு. அந்த ஸ்டூல் வேணாம், அது கோழியோடது. இந்தா டீ. ட்யூப்பைக் கழட்டியாச்சா? இங்க குடு. முள்ளுதான், வேற என்ன. இந்த மஞ்சப்பூ முள்ளுப்புதர் காடு பூரா நிக்குது, அதுக்குள்ளயே போய்ப் போய் நுழையறீங்களே, உள்ள யாராச்சும் சம்பந்தம் பேசக் கூப்பிட்டாங்களா?

உன்னைச் சொல்லல. நீ நல்ல பிள்ளையாத் தெரியுற. உள்ள வந்ததும் திரும்பி நின்னு கேட்டை மூடினே, ஜன்னல்ல பாத்தேன். இந்த வருஷம் என் கேட்டை மூடின மொத சைக்கிள்காரன் நீதான். அதான் உனக்கு டீ. மத்தவனுக்கெல்லாம் தொடப்பக்கட்டை. மாவிஸ் டாரன்ட் கையால தொடப்பக்கட்டை அடி வாங்காத சைக்கிள்காரன் இந்தத் தென்கோடியில கெடையாதுன்னு பேரே வாங்கிட்டேன்.

கேக் எடுத்துக்க. நல்லா இருக்கா? பன்னிக்கொழுப்பு போட்டுச் செஞ்சது. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிச் சாப்பிடு. அதோ, கொட்டகையில சாஞ்சுக்கிட்டு உன் வாயையே பாக்குறா பாரு, அவதான் ஆக்னஸ். அவளுக்கு விஷயம் தெரிய வேணாம்.

அவளாலதான் எனக்கு இந்தத் தூக்கமில்லாத பாடு. வர்ற திங்கக்கிழமை காட்டைத் திறக்குறாங்க. ஓக் காய் கொட்டுற பருவம்ல. பச்சைக் காயைத் தின்னா குதிரையும் மாடும் செத்துப் போகும், பன்னிக்கோ அது கல்யாண விருந்து. அதனால காட்டுல மேய்ச்சல் உரிமை இருக்குற வீட்டுக்காரங்க எல்லாம் பன்னியைத் திறந்து விட்டுடுவோம். எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து இதுதான் வழக்கம். ஆனா சொன்ன தேதிக்கு முன்னாடி பன்னி வால்கூட வெளிய தெரியக்கூடாது! இவ இந்த மாசம் ரெண்டு தடவை வெளிய போயிட்டா. ரெண்டு தடவையும் உங்க ஆளுங்க திறந்து போட்டுட்டுப் போன கேட்டு வழியாத்தான். காட்டு அதிகாரி மார்வுட் வண்டியை விட்டு இறங்கி, மூக்கை உறிஞ்சிக்கிட்டே சொல்லிட்டான்: "மாவிஸ், இன்னொரு தடவை இவளை ரோட்டுல பாத்தேன், இந்த வருஷம் இவளுக்குக் காடு கெடையாது."

காடு இல்லன்னா என்ன பண்ணுவேன்? அவ வயித்துல குட்டி இருக்கு. குளிர்காலம் முழுக்கத் தீனி வாங்கிக் கொட்ட என்னால ஆகுமா? வித்துத்தான் ஆகணும். குட்டி போட்டு வளக்கவா வாங்குவான் எவனாச்சும்? இந்த வயசுல இவளை யாரு வாங்குவான், எதுக்கு வாங்குவான்னு உனக்கே... என்ன, கேக்கைக் கீழ வச்சுட்டே? அட, இது வேற பன்னி. சாப்பிடு.

இரு, ஓட்டை எங்கன்னு தெரியல. வாளியில தண்ணி பிடிச்சுட்டு வந்துடறேன். குழாய் கேட்டுக்கு வெளிப்பக்கம்தான்...

...ம். வந்துட்டேன். பாத்தியா, குமிழி வருது. இந்தா, ஒட்டும் போட்டாச்சு, இனி வெண்ணெய் மாதிரி ஓடும். எனக்கும் சைக்கிள் தெரியும் தம்பி, என்னன்னு நினைச்சே!

எனக்கு ஒண்ணுதான் புரியல. மேட்டுமேல ஹெதர் செடி பூத்து ஊதாப் போர்வை விரிச்ச மாதிரிக் கெடக்குது. அதுக்கு நடுவுல நல்ல ஜல்லிப்பாதை. அப்புறம் பைன் மரக்காடு, நிழல், காத்து... உங்க சைக்கிளுக்கே ஜல்லி சைக்கிள்னுதான் பேராமே! அந்த ஜல்லியை விட்டுட்டு என் வீட்டு முத்தத்துல என்ன வேலை? வர்றவன் வந்தோமா போனோமான்னு போறானா? குளத்தை மூணு சுத்து சுத்துறான்! ஒருத்தன் தப்பாம! ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, மூணு. ஏதாச்சும் வேண்டுதலா? சுத்திட்டு என் துணிக்கொடிக்கு அடியில குனிஞ்சு போறான். போன வாரம் ஒருத்தன் என் நைட்டியைத் தலையில மாட்டிக்கிட்டே காட்டுக்குள்ள போயிட்டான். அவனும் திரும்பி வரல, நைட்டியும் வரல. அதுக்கப்புறம் நேரா உளைச்சேத்துக்குள்ள இறங்குறானுங்க. பக்கத்துலயே மரப்பாலம் இருக்கு தம்பி! "பாலத்துல போங்கடா"ன்னு கத்துறேன், "பாதை இப்படித்தான் காட்டுது அம்மா"ன்னு இடுப்பளவு சேத்துல நின்னு பதில் சொல்றான் ஒரு மகராசன். சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கிட்டு, முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். எந்தக் கிறுக்கன் போட்ட பாதைடா இது? அவன் மட்டும் என் கையில கெடைச்சான்...

என் சைக்கிளா? இப்ப இல்ல. டில்லி, என் தங்கச்சி மவ, புதுசு வாங்கினதும் பழசை என் தலையில கட்டினா. கைப்பிடியில என் பேரைப் போட்டு ஒரு குட்டிப் பொட்டி வேற. "அதைத் தொடாதீங்க பெரியம்மா, அது பாட்டுக்கு எல்லாத்தையும் பாத்துக்கும்"னா. ஒரே ஒரு தடவைதான் ஓட்டினேன். ஏப்ரல் மாசம் கேட்டுக் கொக்கி துருப்பிடிச்சு உடைஞ்சு இந்த ஆக்னஸ் ஓடினா பாரு, அப்போ. கடைசியில உளையோட அந்தக் கரை வரைக்கும் போய், அங்க சேத்துல சைக்கிளை விட்டுட்டு அவளை மட்டும் பிடிச்சிட்டு வந்தேன். ஞாயித்துக்கிழமை டில்லி வந்து பொட்டியை மட்டும் நோண்டி எடுத்துட்டுப் போனா. சைக்கிள் இன்னும் அடியிலதான் கெடக்கு.

என்ன சிரிக்கிறே? என்னத்தைக் காட்டுறே? போனை இப்படிக் குடு. கண்ணாடி எங்க... தலையிலயா, ஆமா. ம்... இது என் வீடு. இது கோழிக்கூடு. இந்தச் செவப்புக் கோடுதான் நீங்க வர்ற பாதையா? அட, குளத்தைச் சுத்தி வட்டம் வட்டமாப் போகுது. ஒண்ணு, ரெண்டு, மூணு. இந்தா, இதைத்தான் சொன்னேன்! யாரு போட்டதுன்னு கீழ இருக்குமே, படி. எழுத்து எறும்பு மாதிரி இருக்கு, நீயே படி.

...மாவிஸ் டாரன்டா?

எந்த மாவிஸ் டாரன்ட்?

...ஏப்ரல் மாசமா.

...

ஆக்னஸ் குளத்தை மூணு சுத்து சுத்தினா தம்பி.

அப்புறம் துணிக்கொடிக்கு அடியில பூந்தா. நானும் பூந்தேன். அப்புறம் அவ உளையில... அடியே டில்லி! "அது பாட்டுக்குப் பாத்துக்கும்"னியேடி! நான் போன வழியையெல்லாம் பதிஞ்சு ஊர் உலகத்துக்கே காட்டிட்டுல்ல இருக்கு!

அழி. இப்பவே அழி. எனக்குத் தெரியாது, டில்லிக்குப் போன் போட்டுக் கேளு, என்னமோ பண்ணு. அழிச்சுத் தொலைச்சா இவனுங்களும் வரமாட்டானுங்க, கேட்டும் மூடிக் கெடக்கும், ஆக்னஸும் பொழைச்சா... என்ன படிக்கிறே உனக்குள்ளயே? சத்தமாப் படி. "தெற்குச் சீமையிலேயே கடினமான பாதை. வகுத்தவர் மேதை." மேதையா? அப்படியா போட்டிருக்கு? இன்னொரு தடவை படி. ...ம். விவரம் தெரிஞ்ச ஆளு யாரோ எழுதியிருக்கான்.

இது என்ன, என் பேருக்குப் பக்கத்துல கிரீடம் மாதிரி? உளையை வேகமாக் கடந்தது நானா? இத்தனை பேர்ல? இந்தக் கால்சட்டைக்கார இளவட்டம் எவனும் என்னை முந்தலையா? அட... அட! ரெண்டாவது யாரு? ரூப்பர்ட்டா? எவ்வளவு பின்னாடி? ஹா! பன்னி பின்னாடி ஓடிப் பாத்திருந்தா தெரியும் ரூப்பர்ட்டுக்கு... ஏய், எங்க கையை வைக்கிறே? அழிக்கிற பொத்தானா அது? கையை எடு! எடுங்கிறேன்! எதுக்கு இப்போ அவசரம்? திங்கக்கிழமை காடு திறந்ததும் ஆக்னஸ் போயிடுவா, அப்புறம் எவன் கேட்டைத் திறந்து போட்டா என்ன? நாலு நாள் ஜாக்கிரதையா இருந்தாப் போச்சு. இவளை எப்படி வெளிய விடாம வச்சுக்கணும்னு எனக்குத் தெரியாதா? இதோ கொட்டகையில சமத்தா...

ஆக்னஸ்?

எங்க போனா? இப்பத்தானே இருந்தா! கேட்டு எப்படித் திறந்திருக்கு? நீ மூடினேல்ல? ஆமா, மூடினே, நானே பாத்தேன். உனக்கப்புறம் யாரும் வரல. யாரும் அந்தப் பக்கம்... வாளி...

குழாய் வெளிப்பக்கம்.

ஐயோ, அதோ ஓடுறா பாரு! ரோட்டுப் பக்கம்தான்! மார்வுட் வண்டி வர்ற நேரம்! எந்திரி, சக்கரத்தை மாட்டு, காத்தடி, சீக்கிரம்! போதும், போதும், குடு இப்படி! உக்கார்ற பலகை என்ன இவ்வளவு உசரம்? பரவால்ல. நீ இங்கயே இருந்து கோழியைப் பாத்துக்க. கைப்பிடியில உன் பொட்டியும் என்னமோ பச்சையா மினுக்குது... எரிஞ்சா எரியட்டும் போ! அடியே ஆக்னஸ், நில்லுடி! அங்க போகாதே, அது பாதிரியார் தோட்டம்! தம்பீ... கேட்டை மூடு!