பத்து மணி வரை மெயில் வராவிட்டால்

எங்கள் கம்பெனிக்கு ஒரு நாளைக்கு நாலாயிரம் மெயில் வரும், மேடம். அதில் உருப்படியானது ஐந்நூறு தேறினால் அதிகம். மீதியெல்லாம் லாட்டரி விழுந்தது, பார்சல் வந்து நிற்கிறது என்று ஊரை ஏய்க்கிற கூட்டம். அவற்றை வாசலிலேயே நிறுத்துவதுதான் பதினோரு வருடமாக என் வேலை. அதை ஒழுங்காகச் செய்கிறவன் நான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நான் ஏதோ கவனக்குறைவாக இருந்துவிட்டேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது.

நிறுத்துவதற்குக் கறுப்புப் பட்டியல் ஒன்று வைத்திருப்போம். எந்த சர்வரிலிருந்து குப்பை கிளம்புகிறதோ அதன் விலாசம் அதில் ஏறும். உலகத்துக்கே பொதுவான பட்டியல்கள் உண்டு. அதற்கு மேல் நானே எழுதுகிற சொந்தப் பட்டியலும் உண்டு. எங்கள் அப்பாவுக்குச் சாத்தான்குளம் கடைத்தெருவில் ஜவுளிக்கடை. அவரும் மனதுக்குள் ஒரு பட்டியல் வைத்திருந்தார். இருபது வேட்டியைப் பிரித்துப் போட வைத்து ஒன்றும் எடுக்காமல் போனவர் மறுபடி வந்தால், "புதுச் சரக்கு இன்னும் வரலையே அண்ணாச்சி" என்று கும்பிட்டு அனுப்பிவிடுவார். போகிறவர் சிரித்துக்கொண்டே போவார். பட்டியலில் ஏற்றுவது பெரிய வித்தை இல்லை, மேடம். ஏறியவனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வித்தை.

பால்துரையும் அதே கடைத்தெருக்காரர்தான். எங்கள் கம்பெனி கிட்டங்கிகளுக்கு, அதாவது சரக்கு குடோன்களுக்கு, மேனேஜர். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் முந்திரிக்கொட்டை மூட்டைகள் துறைமுகத்திலிருந்து நேரே அவரிடம்தான் போகும். போன ஆடியில் ஒரு நாள் என் மேஜைக்கு வந்தார்.

"ஏலே ஜெபசிங், ஒரு பார்ட்டிகிட்ட இருந்து எனக்கு மெயில் வரணும். ஒன் மெஷினு மறிச்சிட்டுக் கெடக்கு. எடுத்து விடுலே."

"அது பிளாக்லிஸ்ட்ல உள்ளது அண்ணாச்சி, வில்லங்கம் புடிச்சது. எழுதிக் குடுங்க, எடுத்து விடுதேன்."

"எழுதிக் குடுக்கணுமோ? ஒங்கப்பன் கடையில எங்கப்பன் எழுதிக் குடுத்தா துணி எடுத்தாரு? வாய்ச்சொல்லு போதாதாக்கும்?"

எடுத்துவிட்டேன். அந்தப் பார்ட்டியின் மெயில் வந்தது. அதனோடு வந்த ஃபைலை அவர் திறந்தார். மூன்று நாள் கம்பெனியில் ஒரு கம்ப்யூட்டரும் வேலை செய்யவில்லை. காகிதம் இல்லாமல் இரண்டு கப்பல்கள் நின்றன. முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு விசாரித்தபோது பால்துரை கையை விரித்தார். "நான் எதுக்கு மொதலாளி அதத் தொறந்து விடச் சொல்லுதேன்? எனக்கு மெயிலப் பத்தி என்ன எழவு தெரியும்?"

நான் மன்னிப்புக் கடிதம் எழுதினேன். அது நோட்டீஸ் போர்டில் ஒரு மாதம் தொங்கியது. அதோடாவது விட்டிருக்கலாம். மறுநாளிலிருந்து எனக்குப் பெயர் மாறியது. "ஏ வைரஸு, டீ குடிச்சாச்சா?" "வைரஸு வாரான், கம்ப்யூட்டர மூடுங்கலே." கேன்டீனில் சிரித்தார்கள், கேட்டில் சிரித்தார்கள். கடைசியில் நாசரேத்தில் எனக்குப் பேசிக்கொண்டிருந்த பெண் வீடு வரை அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. "மாப்பிள்ளைக்கு ஆபீஸ்ல வேற பேரு இருக்காமே?" என்று பெண்ணின் சித்தப்பா சும்மா கேட்பதுபோல் கேட்டார். பிறகு அவர்கள் பேச்சை எடுக்கவே இல்லை. பெண்ணின் பெயர் ஈவாஞ்சலின். அது உங்களுக்கு வேண்டியதில்லை.

நான் கோபப்படவில்லை. கோபப்படுகிறவனுக்குப் பேரம் படியாது.

இனி கிட்டங்கி விஷயம். மூட்டைகளில் பூச்சி விழாமலிருக்க, அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே மாத்திரை வைப்பார்கள். அது கேஸ் விடும். பூச்சியைக் கொல்லும், ஆள் போனால் ஆளையும் கொல்லும். அந்த வேலையை எடுத்துச் செய்கிறவர் யதிராஜன் சார், ஸ்ரீவைகுண்டத்துக்காரர். விடியற்காலை அவருடைய ஆள் வந்து கேஸ் எவ்வளவு இருக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் போவான். யதிராஜன், 'திறக்கலாம்' என்று மெயில் போட்ட பிறகுதான் கதவைத் தொட வேண்டும். அதுதான் முறை.

பால்துரைக்குக் காத்திருக்கப் பொறுமை கிடையாது. எங்கள் கடைத்தெருவில் ஒரு வழக்கம் உண்டு. விலையை மூன்று தடவை சொல்லியும் எதிராளி வாயைத் திறக்கவில்லை என்றால் படிந்துவிட்டது என்று துணியைக் கிழித்துவிடலாம். அதைக் கிட்டங்கிக்குக் கொண்டுவந்தார். "சாமி, தொறக்கக் கூடாதுன்னா மட்டும் மெயில் போடும். பத்து மணி வரைக்கும் ஒண்ணும் வரலைன்னா நான் தொறந்துருவேன்." யதிராஜனும் தலையாட்டிவிட்டார். ஜவுளிக்குச் சரி, விஷத்துக்கு இது ஆகுமா என்று இருவருமே யோசிக்கவில்லை. இந்த ஏற்பாட்டைச் செய்தது நானில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தை மாதத்தில் யதிராஜன் எனக்குப் போன் செய்தார். "ஜெபசிங், என் மெயிலெல்லாம் திரும்பித் திரும்பி வரதே, என்னன்னு பாருங்கோ." பார்த்தேன். மலிவு வாடகைக்கு ஒரு சர்வரில் இடம் பிடித்திருக்கிறார். அதே சர்வரில் குடியிருக்கும் வேறு எவனோ குப்பை அனுப்ப, பொதுப் பட்டியலில் மொத்த சர்வரும் ஏறிவிட்டது. கூடா நட்பு. அரை மணி நேரத்தில் சரிசெய்து கொடுத்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று பட்டது. மெயில் திரும்பிப் போனதால்தானே அவருக்குத் தெரிந்தது? திருப்பாமல், வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் அழித்துவிட்டால்? சர்வரில் அதற்கும் வசதி இருக்கிறது. ஒரே ஒரு சொல்லை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

சொந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன். யதிராஜனிடமிருந்து பால்துரைக்கு வருவது மட்டும் அழிந்துவிடும். மற்ற யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

ஐந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மாசிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, எட்டு நாற்பதுக்கு யதிராஜனின் மெயில் வந்து அழிந்ததாக சர்வரின் வரவேடான லாக்கில் பதிவாகியிருந்தது. உள்ளே என்ன எழுதியிருந்தார் என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர் மெயில் போட்டாலே அதற்கு ஒரே அர்த்தம்தான்.

என் ஜன்னலிலிருந்து மூன்றாம் நம்பர் கிட்டங்கியின் கதவு தெரியும். எச்சரிக்கைப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அது வருடம் முழுக்கத் தொங்குவதால் யாரும் பார்ப்பதில்லை. பத்து மணிக்குப் பால்துரை பூட்டைத் திறந்தார். எப்போதும் அவர்தான் முதலில் போவார். தார்ப்பாயைத் தூக்கி, ஒரு மூட்டையைக் குத்தி, கொட்டையை உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் லோடுமேன்களைக் கூப்பிடுவார். அன்றைக்குக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று கத்திக்கொண்டு லோடுமேன் சுடலைமாடன் உள்ளே ஓடினார். அவரும் வெளியே வரவில்லை. பிறகு ஃபயர் சர்வீஸ் வந்தது. சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரியில் இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

சுடலைமாடனைப் பற்றி இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். எந்தப் பட்டியல் வைத்தாலும் நல்ல மெயில் ஒன்றிரண்டு தவறிப்போய்க் குப்பையோடு விழத்தான் செய்யும். எங்கள் தொழிலில் அதைச் சதவீதமாகத்தான் பார்ப்போம். அவர் என்னை ஒருநாளும் வைரஸ் என்று கூப்பிட்டதில்லை. ஆகவே அவர் விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு என்று போட்டுக்கொள்ளலாம்.

பால்துரையைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு வாந்தி, ஒரு மயக்கம், அப்புறம் முதலாளி முன்னால் நின்று அவரும் ஒரு மன்னிப்புக் கடிதம். அது அந்தப் போர்டில் ஒரு மாதம் தொங்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். எங்கள் கடைத்தெருவில் இதை நியாயமான விலை என்பார்கள்.

நீங்கள் எழுதியதில் ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அன்று ஒன்பதரைக்கு யதிராஜன் எனக்குப் போன் செய்தார்.

"பால்துரை போனை எடுக்க மாட்டேங்கறார். என் மெயில் அங்க வந்து சேந்துடுத்தான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ. இல்லேன்னா நானே வண்டி எடுத்துண்டு நேர்ல வந்துடறேன்."

லாக்கைத் திறந்து பார்த்தேன். பார்க்காமல் பதில் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

"வந்து சேர்ந்துட்டு சார். நீங்க அலைய வேண்டாம்" என்றேன்.

"அப்பாடா" என்று போனை வைத்தார்.

இதில் நான் சொன்ன பொய் எது, மேடம்?