வெள்ளைச் சீட்

கலேவெலயிலிருந்து மாத்தளைக்கு வந்த பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"நாங்க குடுத்த ஜீப்புல நேத்து ஒரு அம்மா வாந்தி எடுத்துட்டாங்களாம். கேட்டதும் மனசு ஆறிப்போச்சு அக்கா."

"என்ன புள்ள பேசுற? உன் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அந்த வெள்ளைச் சீட்டுல ஒரு தூசி பட விடலயே!"

"அதனாலதான் கேன்சர் நோயாளிங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற சங்கத்துக்கு அத சும்மாவே குடுத்தேன்."

"நல்ல விலைக்குப் போயிருக்குமே?"

பஸ் அலுவிகாரையைத் தாண்டியது.

"கடைசியா அவர கண்டி ஆஸ்பத்திரிக்கு அதுலதான் கொண்டுபோனேன். வழியில வாந்தி வந்துச்சு. சீட்டு அழுக்காயிடும்னு, போட்டிருந்த சட்டைய ரெண்டு கையாலயும் ஏந்திப் புடிச்சி, அதுக்குள்ளயே எடுத்தாரு அக்கா."