காசிலிங்கம் வீட்டுப் பின்கதவை உடைத்தது குறித்து

பெயர் நூர்முகம்மது, தகப்பனார் பெயர் மைதீன் பிச்சை, வயது ஐம்பத்து நான்கு. மேலப்பாளையம் அம்பை ரோட்டுக்குப் பின்தெருவில் சொந்த வீட்டில் குடியிருந்து வருகிறேன். உடன் வசிப்பவர் யார் என்று கேட்கப்பட்டது. மனைவி சபீதா என்று சொன்னேன். இப்போது வீட்டில் இருக்கிறாரா என்று கேட்கப்பட்டது. இல்லை, சென்னையில் மகள் தஸ்மியாவின் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று போனாள், இது பதினான்காவது மாதம், பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று சொன்னேன். ஆகவே ‘உடன் வசிப்பவர் எவருமில்லை’ என்று ஏட்டய்யா எழுதிக்கொண்டார். அப்படி எழுதினால் சபீதா கோபிப்பாள் என்றேன். விசாரணைக்கு அது தேவையில்லை என்றார்.

புதன்கிழமை மாலை சுமார் ஆறே கால் மணிக்குக் குலவணிகர்புரத்தில் காசிலிங்கம் என்பவரின் வீட்டுப் பின்கதவை அம்மிக்குழவியால் உடைத்து உள்ளே போனது நான்தான். மேற்படி காசிலிங்கம் இப்போது பாளையங்கோட்டை அரசு ஆஸ்பத்திரியில் வலது கை கால் அசையாமலும் பேச்சு வராமலும் படுத்திருக்கிறார். அவருடைய மகன் செந்தில்முருகன் வியாழக்கிழமை புனேயிலிருந்து வந்து, அப்பாவோடு சண்டை போட்ட ஆள் எதற்காகக் கதவை உடைத்தான் என்று தெரியும்வரை என்னை வார்டுக்குள் விடக் கூடாது என்று சொல்லிவிட்டார். நடந்ததை முழுவதும் சொன்னால் அதைச் செந்தில்முருகனிடம் வாசிக்கக் கொடுப்பதாகவும், அவர் மனசு சமாதானமானால் புகார் இல்லாமல் முடித்து என்னை உள்ளே விடச் சொல்வதாகவும் இன்ஸ்பெக்டர் அய்யா சொன்னதன் பேரில் இதைச் சொல்கிறேன்.

காசிலிங்கம் எனக்கு ஏழு வருடமாகப் பழக்கம். குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடியிருந்த ஒரு சாயங்காலம், கேட்டுக்குப் பக்கத்தில் உள்ள இசக்கித்தாய் டீக்கடையில் அவர் பேப்பரில் கால்பந்துச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். நான் வலியப் போய், கோல் போடத் தெரிந்தவன்தான் அணி, மற்றவனெல்லாம் வேலி என்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, வேலி இல்லாத தோட்டத்தில் மாடு மேயும்வே என்றார். அதன் பிறகு கேட் திறந்தது, வண்டியெல்லாம் போய்விட்டது, நாங்கள் போகவில்லை. அன்றுமுதல் அஸர் தொழுகை முடிந்து நான் வருவதும், அவர் ஐந்தரை மணிக்குக் குடையோடு வருவதும், தாக்குதலா தடுப்பா என்று பேசுவதும் வழக்கமாயிற்று.

எனக்குக் கால்பந்து அரபு நாட்டில், தம்மாமில் பத்தொன்பது வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியபோது, உடன் தங்கியிருந்த மலையாளிகளிடமிருந்து ஒட்டிக்கொண்டது. நான் பந்தை உதைத்ததில்லை. ஒரு தடவை உதைத்ததில் செருப்புத்தான் போனது. காசிலிங்கம் அப்படியல்ல, மின்வாரிய அணியில் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற இடத்தில் ஆடியவர். தன் காலத்தில் ஒரு பந்தும் தன்னைத் தாண்டியதில்லை என்று சொல்லுவார். அவர் ஆடியதைப் பார்த்த ஆள் ஒருவரும் இதுவரை அகப்படவில்லை. மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறார். முன்பக்கம் இரும்புக் கிரில்லுக்கு இரண்டு பூட்டு, பின்கதவுக்கு மூன்று தாழ்ப்பாள். திருடன் வந்தால் எடுத்துப்போக அந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். நானும் பேசியிருக்கிறேன்.

எங்களுக்குள் சிவப்பு அட்டை என்று ஒரு ஏற்பாடு உண்டு. பேச்சில் ஆட்டத்தை விட்டு வீட்டுக்குள் புகுந்து குடும்ப விஷயத்தைப் பேசினால் எதிராளி சிவப்பு அட்டை காட்டலாம். காட்டப்பட்டவர் மூன்று நாள் டீக்கடைப் பக்கம் வரக் கூடாது. விதியை எழுதியவர் காசிலிங்கம். மின்வாரியத்தில் இருந்தவர், விதி இல்லாமல் அவருக்கு விளக்கு எரியாது. முதல் அட்டை எனக்குத்தான் கிடைத்தது. அந்த மூன்று நாளும் நான் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை டீக்கடையில் இருந்தவர்களுக்குப் போன் போட்டு, இப்போது என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டுத் தொந்தரவு பண்ணியதால், வெளியே போனவரோடு அந்த மூன்று நாளும் யாரும் போனிலும் பேசக் கூடாது, வீட்டுக்கும் போகக் கூடாது என்று காலண்டர் தாளின் பின்புறத்தில் சேர்த்து எழுதி, டீக்கடைத் தகரத்தில் ஒட்டினார். அது இன்றும் அங்கே இருக்கிறது.

திங்கட்கிழமை மாலை நடந்தது பின்வருமாறு. முந்தின நாள் வ.உ.சி. மைதானத்தில் எழுவர் போட்டி நடந்தது. எங்கள் ஊர்ப் பையன்கள் புன்னக்காயல் அணியிடம் தோற்றார்கள். புன்னக்காயல்காரர்கள் ஆட்டம் முழுக்க ஏழு பேரும் கோல் வாசலில் நின்றுவிட்டு, பெனால்டியில் ஜெயித்தார்கள். காசிலிங்கம் அன்றைக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்.

“பாத்தீராவே? ஒம்ம பயலுவ அம்புட்டு நேரமும் முட்டுனானுவ. என்ன ஆச்சு? கோல் வாங்காதவன் தோக்க மாட்டான்.”

“போடாதவன் எதுக்குவே மைதானத்துக்கு வாரான்? வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டு இருக்க வேண்டியதுதான?”

“சாத்தத் தெரியணும்வே. அதுக்கும் ஒரு மூளை வேணும்.”

அப்போது உவரியிலிருந்து பைக்கில் மீன் கொண்டுவந்து விற்கும் ஜெய்சன், “அண்ணாச்சிமாரே, சட்டுனு முடிங்க, பெட்டியில மீன் நாறுது” என்றார். நான் முடிக்கவில்லை. முதல் தப்பு என்னுடையது என்பதை ஒப்புக்கொள்கிறேன். “நீரு தடுத்துத் தடுத்துப் பெத்த மகனையே வீட்டுக்குள்ள விடாம ஆக்கிட்டீரு. அவன் வந்து மூணு பொங்கலாச்சு” என்று சொன்னேன்.

காசிலிங்கம் கையிலிருந்த டீத் தம்ளரைப் பெஞ்சில் வைத்தார். அதன் பிறகு சொன்னார்: “மூணு மாசம்னு போனவ பதினாலு மாசமா திரும்பல. தாக்குதவன் வீட்டுல இப்ப யாருவே இருக்கா?”

இரண்டு பேருமே வீட்டுக்குள் புகுந்தோம். நியாயப்படி அட்டை எனக்குத்தான் முதலில் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் காட்டவில்லை. நான் காட்டினேன். அட்டை என்பது நோட்டு அட்டையை வெட்டியது, என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். அவர் அதைப் பார்த்தார். மீதி டீயைக் குடித்தார், தம்ளரைக் கொண்டுபோய் இசக்கித்தாயின் கையிலேயே கொடுத்தார். “மூணு நாள்தானவே” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டிப் போனார்.

செவ்வாய்க்கிழமை சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. டீக்கடைக்கு வழக்கம்போல் போனேன். தாக்குதல்தான் பெரிது என்றேன், ஜெய்சன் சரி என்றார். தடுப்பாட்டத்தைச் சட்டம் போட்டு ஒழிக்க வேண்டும் என்றேன், அதற்கும் சரி என்றார். இப்படி ஜெயித்து என் ஆயுளில் பழக்கமில்லை. வீட்டுக்கு வந்து சபீதாவை வீடியோ காலில் கூப்பிட்டேன். போனைக் கட்டிலில் வைத்துவிட்டுப் பேரனுக்குச் சோறு ஊட்டப் போய்விட்டாள். நான் கொஞ்ச நேரம் சென்னை வீட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டேன்.

புதன்கிழமை மாலை டீக்கடையில் உட்காரப் பிடிக்கவில்லை. காசிலிங்கம் தெருவில் ஒரு மாவு மில் இருக்கிறது. விதிப்படி அவர் வீட்டுக்குத்தான் போகக் கூடாது, மில்லுக்குப் போகக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. ஆகவே ஒரு தகர டின்னை எடுத்துக்கொண்டு போனேன். மில்காரர் டின்னைத் திறந்து பார்த்து, எதை அரைக்க என்று கேட்டார். டின் காலியாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். இதைத் தெருவில் யாரும் மறக்கமாட்டார்கள்.

அதன் பிறகு காசிலிங்கம் வீட்டைத் தாண்டி நடந்தேன். முன்கிரில் இரண்டு பூட்டும் உள்பக்கமாகப் பூட்டியிருந்தன. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. முட்டுவலித் தைல விளம்பரம், அரை மணி நேரம் ஓடுமே அது. அவர் அதைப் பார்க்கிற ஆளல்ல, விளம்பரம் வந்தாலே சத்தத்தைக் குறைத்துவிடுவார். திரும்பி வந்து இருமினேன். பதில் இல்லை. கூப்பிட்டுப் பேசினால் விதி மீறலாகும் என்பதால் அவரைப் பார்த்துப் பேசாமல், சுவரைப் பார்த்துச் சத்தமாக, “தடுத்தாடுதவன் எல்லாம் தொடைநடுங்கி!” என்றேன். பதில் இல்லை. “மின்வாரிய டீம் வாங்குன கோலை எண்ணுததுக்கு ஒரு மீட்டர் போதாதுவே!” என்றேன். பக்கத்து வீட்டுத் தேன்மொழி என்பவர் கேட்டு, சண்டை நடந்தது என்று சொல்லியிருப்பது இதைத்தான். அது சண்டையல்ல. ஏழு வருடத்தில் இந்த மாதிரி ஒரு பேச்சுக்குக் காசிலிங்கம் பதில் சொல்லாமல் இருந்ததே கிடையாது. காய்ச்சலில் படுத்திருந்தபோதும் டீக்கடைக்கு ஆள் விட்டுப் பதில் சொல்லி அனுப்பியவர். சுவருக்கு அந்தப் பக்கம் தைலக்காரன் மட்டும் பேசிக்கொண்டிருந்தான். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

அதன் பிறகு பின்பக்கம் போய், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடந்த அம்மிக்குழவியால் கதவை இடித்தேன். போலீசுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்கப்பட்டது. தோன்றவில்லை. மூன்று தாழ்ப்பாளும் நல்ல தாழ்ப்பாள்கள், ஒன்பதாவது இடியில்தான் கதவு விட்டது. என் தோள்பட்டை இன்னும் தூக்க வரவில்லை. தேன்மொழி காவல் நிலையத்துக்குப் போன் செய்தது சரிதான், குழவியோடு என்னைப் பார்த்தால் நானே செய்திருப்பேன்.

காசிலிங்கம் குளியலறை வாசலில் ஒருக்களித்துக் கிடந்தார். கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்தது. வேட்டி நனைந்திருந்தது, அதை முதலில் மாற்றினேன், யாரும் வருவதற்கு முன்னால். அதன் பிறகு 108-க்குக் கூப்பிட்டேன். அவருடைய போன் வாளித் தண்ணீருக்குள் கிடந்தது. ஆம்புலன்சில் நானும் ஏறிப் போனேன். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று நர்ஸ் கேட்டார். ஏழு வருடத்தில் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. ‘தெரிந்தவர்’ என்று எழுதிக்கொண்டார். பார்த்த டாக்டர், விழுந்து ஒரு நாளைக்கு மேல் ஆகிறது, உடனே கொண்டுவந்திருந்தால் பேச்சு தப்பித்திருக்கும் என்று சொன்னார். அந்த வீட்டிலிருந்து நான் எதையும் எடுக்கவில்லை. டிவியை நிறுத்தியது நான்தான்.

மேற்படி விவரத்தை ஏட்டய்யா எனக்கு வாசித்துக் காட்டினார். இன்ஸ்பெக்டர் அய்யாவும் வாசித்துவிட்டு, இதில் தப்பாக ஒன்றுமில்லை, ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறீர் பாய், கையெழுத்துப் போடும், செந்தில்முருகன் வெளியே பெஞ்சில்தான் இருக்கிறார், அவரே உம்மை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார் என்று சொன்னார். பேனாவைக் கையில் வாங்கிய பிறகு, ஒன்று விட்டுப்போயிற்று, சேர்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவசியமா என்று ஏட்டய்யா கேட்டார். ஆமாம் என்றேன். அதன்படி கீழே கண்டது சேர்க்கப்படுகிறது.

செவ்வாய்க்கிழமை ஒன்றும் நடக்கவில்லை என்று நான் சொன்னது சரியல்ல. அன்று மாலை ஐந்து ஐம்பதுக்கு நான் டீக்கடையில் இருந்தபோது காசிலிங்கம் என் போனுக்குக் கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. போனைத் தூக்கி ஜெய்சனுக்கும் இசக்கித்தாய்க்கும் காட்டி, “பாத்தீயளா, அண்ணாச்சி கெஞ்ச வாராரு” என்று சொல்லிச் சிரித்தேன். ஜெய்சனும் சிரித்தார், அவர் பேரில் தப்பில்லை, நான் சிரித்ததால் சிரித்தார். மூன்று நிமிடம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். “எடுங்க பாய், என்னன்னுதான் கேளுங்களேன்” என்று இசக்கித்தாய் சொன்னாள். “விதின்னா விதிதான்” என்று சொல்லி, போனைப் பெஞ்சில் மல்லாக்க வைத்துவிட்டு, அது அடித்து ஓய்கிறவரைக்கும் அவர் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு என்னைத் தேடி வந்த போன் அவருடையது மட்டும்தான். ஆறு மணி நாலு நிமிடத்துக்கு மூன்றாவது தடவை வந்தது. ஒரே ஒரு தடவை மணி அடித்தது, அத்தோடு நின்றுவிட்டது. புதன்கிழமையும் கூப்பிடுவார் என்று காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தேன். கூப்பிடவில்லை. நான் டின்னை எடுத்துக்கொண்டு கிளம்பியது அதனால்தான்.

ஆம்புலன்சில் போகும்போது அவர் இடது கையால் என் சட்டைப் பையை, போன் இருந்த இடத்தை, இரண்டு தடவை தொட்டார். நான் டிரைவர் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

சேர்த்து எழுதியது உள்பட இதில் கண்டதெல்லாம் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொன்ன உண்மை. அவருடைய மகன் இதை வாசிப்பார் என்று தெரிந்தே சொல்லியிருக்கிறேன். சேர்த்த பகுதியையும் வாசித்துக் காட்டட்டுமா என்று ஏட்டய்யா கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

(ஒப்பம்)
மை. நூர்முகம்மது