ஆறுமணிக்குருவி, எண்ணிக்கை ஒன்று

விடியற்காலை நாலரை மணி. ஆம்பூருக்கு வெளியே பாலாற்றங்கரை மண்ரோடு... ஒரு விளக்கு கிடையாது. ஊறின தோல் நாற்றம் மட்டும் கூடவே வரும். அந்த ரோட்டில்தான் நம்ம அந்தோணியின் மச்சான் பிரேம்நாத் தினமும் குருவி பார்க்கப் போவார். அந்தோணியே சொன்னது இது.

பார்த்த பறவையை இடம், நேரத்தோடு செல்போன் ஆப்பில் பதியவேண்டும். யார் அதிக வகை பார்த்தது என்று மாவட்ட வரிசை காட்டும். இரண்டு வருடமாக பிரேம்நாத்தான் முதல். டேனரி டிரம்மில் தோல் புரட்டுகிறவருக்கு வேறு எதில் முதலிடம் வரும்?

அதே டிரம்முக்கு வேலைக்கு வந்த கோதண்டராமன் எட்டே மாதத்தில் நெருங்கிவிட்டான். இன்னும் ஒரு குருவிதான் பாக்கி. இவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஐப்பசியில் ஒருநாள், பார்க்காத குருவியைப் பதிந்தார். ஆறுமணிக்குருவி, ஒன்று. பழைய மணல் பள்ளம்.

“எங்கண்ணா பாத்த? எனக்கும் காட்டுண்ணா,” என்றான் கோதண்டராமன்.

“உள்ள புதர்ல இருக்குது. இருட்டோட போனாத்தான் கத்தும். உனக்கு எங்கடா கெடைக்கப்போவுது?”

பள்ளம் நிறைய மழைத்தண்ணீர். பிரேம்நாத்துக்குத் தெரியும். சொல்லவில்லை... மூன்றாம் நாள் கோதண்டராமனைப் பிணமாக மேலே எடுத்தார்கள். அவன் போன் கிடைக்கவே இல்லை.

காரியம் முடிந்த மறுநாள், விடிகிற நேரம். பிரேம்நாத்தின் போன் ‘டிங்’ என்றது. கோதண்டராமன் ஒரு குருவி பதிந்திருக்கிறான். மணல் பள்ளம், நாலு நாற்பது.

இவருக்குப் பயம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது.

மறுநாள் இன்னொன்று. அதற்கும் மறுநாள்... முதலிடமே போய்விட்டது.

“செத்தவங்கூட இன்னாய்யா போட்டி? அந்த போனைத் தூக்கிப் போடுய்யா,” என்று அழுதாள் பெண்டாட்டி சௌந்தர்யா.

“செத்தும் என்னை முந்தறான் பாருடி!”

அடுத்த விடியற்காலை கிளம்பியேவிட்டார். தங்கை கெஞ்சினாள் என்று அந்தோணி பின்னாலேயே ஓடினான். கரையில் நின்றபோது இரண்டு பேருக்கும் கேட்டது. ஆறுமணிக்குருவியின் இரண்டே சுரம்... வீ...ட்யூ. தண்ணீருக்கு அடியிலிருந்து.

போனை நீட்டிக்கொண்டு பிரேம்நாத் இறங்கினார். அந்தோணி கத்தினான். கழுத்தளவு தண்ணீரில் அவர் திரும்பி, பல் தெரியச் சிரித்தார்.

“பதிஞ்சிடுச்சு மச்சான்!”

அப்புறம் தலையைக் காணோம்.

அவரை எடுத்தபோது போன் கைக்குள்ளேயே இருந்தது. அந்தோணி அதை ஈரம் போக அரிசிக்குள் புதைத்து வைத்தான். உயிர் வரவில்லை.

ஆனால் இப்போது முதலிடம் தினமும் மாறுகிறது. ஒருநாள் அவன், ஒருநாள் இவர். இன்று காலைப் பதிவோடு ஒலியும் வந்திருக்கிறது, ஆறு நொடி. குருவிச் சத்தம் இல்லை. தண்ணீருக்குள் இரண்டு பேர் முண்டியடித்து ஓடுகிறார்கள். நடுவில் ஒரு சட்டை கிழிகிறது...

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கவில்லை.