சீதாலெட்சுமி போடாத கையெழுத்து

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, அம்மையாரின் மகன் ஜீவன் அவர்களே, கிள்ளானிலும் காப்பாரிலும் இருந்து ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

நமது தொழிற்சங்கச் செயலாளர் அம்மையார் சீதாலெட்சுமியைப் பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். நான் அவரோடு கடைசி மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசாதவன். அதைச் சொல்லாவிட்டால் இந்த உரை பொய்.

காப்பாரில் எங்கள் மின்விசிறித் தொழிற்சாலைக்கு மோட்டார் சீனாவிலிருந்து வரும். விசிறி அமெரிக்காவுக்குப் போகும். அந்த இரண்டு நாட்டுக்காரர்களும் ஓயாமல் மோதிக்கொள்வார்கள், ஆனால் ஒருவர் இல்லாமல் மற்றவருக்குப் பிழைப்பில்லை! அந்த இருவருக்கும் நடுவில்தான் நம் சோறு வெந்தது. அமெரிக்கா சீனப் பொருளுக்கு வரியை ஏற்றியதும், முழு விசிறியே சீனாவிலிருந்து வந்து இறங்கியது. வரிக்குத் தப்ப, பெட்டியை மாற்றி, 'மலேசியாவில் செய்தது' என்று ஒட்டி அனுப்ப வேண்டும். ஏற்றுமதிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டியவர், அலுவலகத்தில் ஏற்றுமதி வேலையைப் பார்த்த சீதாலெட்சுமி.

முதலாளி கெஞ்சினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ரெண்டு யானை சண்ட போட்டா நடுவுல நசுங்குறது நாமதான் அக்கா. சைன் பண்ணிடுங்க லா."

"யானைங்க நாளைக்கு ராசியாயிரும் பாஸ். பேப்பர்ல எம்பேருதான் நிக்கும்," என்று பேனாவை மூடினார் அம்மையார்.

சரக்கு போகவில்லை. ஆறே வாரத்தில் பத்தொன்பது பேருக்கு வேலை போனது. அதில் நானும் ஒருவன். வாசலில் நின்று கத்தினேன்: "ஒரு சைன்தானே அக்கா! எம்புள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"திட்டுடா கோபாலா. ஆனா ஒன் சர்டிபிகேட்ட குடுத்துட்டுப் போ."

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்கினார். பதின்மூன்று பேருக்கு வேலை வாங்கித் தந்தார். அந்தப் பதின்மூன்றில் ஒன்று எனக்கு. நன்றி சொன்னேனா? இல்லை! போன செவ்வாய்க்கிழமை, பக்கத்து ஊரான மேருவில் ஒரு தொழிற்சாலை வாசலில் காத்திருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்; பிறகு எழவேயில்லை.

அவர் செய்தது சரிதானா? சரி என்றுதான் அறிவு சொல்கிறது. வேலையில்லாத வீட்டில் இருந்து பார்த்த மனம் இன்னும் தடுமாறுகிறது. வாஷிங்டனிலோ பெய்ஜிங்கிலோ அவர் பெயர் யாருக்குத் தெரியும்? அங்கே நாளை ஒரு வரி மாறினால், இங்கே மறுபடியும் யாரோ ஒருவரிடம் பேனாவை நீட்டுவார்கள். மறுத்தால் அவர் பின்னால் யார் நிற்பது?

தோழர்களே! இன்னும் ஆறு பேருக்கு வேலை கிடைக்கவில்லை. அவர்களுடைய சான்றிதழ்களை ஜீவனிடமிருந்து நான் வாங்கிக்கொண்டேன். முன்வரிசையில் இருக்கும் வீரம்மா அக்கா அந்த ஆறு பேரில் ஒருவர். அக்கா, நாளைக் காலை ஏழு மணிக்கு உங்கள் வீட்டு வாசலில் என் கார் நிற்கும். முதலில் மேருவுக்குப் போவோம். உள்ளே கூப்பிடும்வரை நான் உங்களோடு நிற்பேன்.