இறுகாத கடல்

கப்பலுக்குக் கீழே செய்தவர் பெயர் எழுதும் பலகையில் என் பெயரையும் போடுங்கள் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அதை மட்டும் கேட்கக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே அம்மா சொல்லியிருந்தாள். லீவு கேளு, பேரைக் கேக்காத என்றாள். எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் போனவள் நான். அம்மாவுக்கு என் வாயை நினைத்துத்தான் பயம்.

திண்டுக்கல்லில் மாதிரிக் கப்பல் செய்பவர் என் முதலாளி அமலன் அண்ணன். கப்பல் அவருடையது. அது நிற்கும் கடலை நான் செய்வேன். ரெசின் பிசினையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் அளந்து கலந்து, துளி நீலம் விட்டு, மெல்லிய அடுக்குகளாக ஊற்றுவேன். நுரைக்குப் பஞ்சு. நான் கடலைப் பார்த்ததில்லை. ஆத்தூர் அணையில் காற்றடிக்கும்போது பார்த்த அலைதான். அதற்கே வருகிறவர்கள் விரலை நனைத்துப் பார்க்க நீட்டுவார்கள்.

நான் கேட்டதற்கு அண்ணன் சிரித்தார். “கப்பலுக்குத்தான் தாயி பேரு. தண்ணிக்கு எவன் பேரு வைப்பான்?”

நியாயமான கேள்வி. நான் கோபப்படவில்லை.

அப்போது பைபாஸில் திறக்கவிருந்த மீன் ஹோட்டலுக்கு ஒரு பாய்மரக் கப்பல் தயாராகிக்கொண்டிருந்தது. அவருடைய மூன்று வருட வேலை. மேல்தளத்தில் அரிசி அளவில் ஒரு பொம்மை: கப்பலில் சமையல்காரராக இருந்து இறந்துபோன அவருடைய அப்பா. அந்தக் கடலுக்கு ஹார்டனரைக் கொஞ்சம் குறைத்தேன். கொஞ்சம் என்றால் மூன்றில் ஒரு பங்கு. நிழலில் கெட்டியாகத் தெரியும். விளக்குச் சூட்டில் இளகும். முதலில் ஒரு கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்துக்கொண்டேன். படித்தவள் சோதிக்காமல் எதையும் செய்யக் கூடாது.

திறப்பு விழாவில் விளக்குகளைப் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் பாய்மரங்கள் சாயத் தொடங்கின. கடல் மேசை விளிம்பில் ஒழுகியது. அப்பா பொம்மை தலைகுப்புறப் போனது. அதை முன்பே எடுத்து வைத்திருக்கலாம். தோன்றியது; எடுக்கவில்லை.

“ஏலே, கப்பல் படுக்குது பாரு” என்றார் பந்தியிலிருந்த ஒருவர், மீனை விடாமல்.

தண்ணீர் யார் செய்தது என்று ஹோட்டல்காரர் கேட்டார். அண்ணன் என்னைக் காட்டினார்.

“இவதான். மகேஸ்வரி.”

இதையெல்லாம் பெயருக்காக நான் செய்யவில்லை. தொழில் தெரிந்தவர்களுக்கு மரியாதை வேண்டும் என்பதற்காக மட்டும்தான் செய்தேன்.

“படிப்பையும் சேத்துச் சொல்லுங்கண்ணே,” என்றேன். “பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி.”

கலவை அளந்த அன்றே எழுதி வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தை, மேசையில் ஒழுகாத பக்கமாகப் பார்த்து வைத்துவிட்டு வெளியே வந்தேன்.