மிஸ்டர் ஜோசேயின் போர்த்துக்கீசம்

எங்கள் பழைய படக் கழகத்தின் எலுமிச்சைக் கேக்கைப் பற்றி இதுவரை யாரும் குறை சொன்னது கிடையாது. நார்த்மீட்டில் ஒரு வாடகை மண்டபம். மாதத்தின் முதல் ஞாயிறு, பிற்பகல் இரண்டு மணி. கறுப்பு வெள்ளைப் படங்கள் மட்டும். உறுப்பினர்கள் பத்தொன்பது பேர், அதில் இரண்டு பேருக்குத்தான் சொந்த முழங்கால். நான் தலைவர். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பிள்ளை வினுஷா. நீங்கள் அமலதாசின் வழக்கறிஞர். நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். இதுதான் முதல்.

அங்கே என் பெயர் ஜோசே பில்லார். வீட்டில் வைத்தது சூசைப்பிள்ளை. சூசை என்றால் ஜோசேதான். பிள்ளையை மட்டும் கொஞ்சம் தட்டி நிமிர்த்தினேன். நான் பொய் சொன்னதில்லை. இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு அலுவலகத்தில் ஒருத்தி, நீங்கள் போர்த்துக்கல்லா என்று கேட்டாள். சிரித்தேன். சிரிப்புப் பொய்யாகாது. எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான் வெள்ளை. தம்பி அமலதாஸ் நல்ல கறுப்பு. கோயிலுக்குப் போகும்போது அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொள்வார், அவன் பின்னால் வருவான். ஆகவே இதைத் தொடங்கி வைத்தவன் நான் என்று சொல்ல முடியாது.

கழகத்தில் சிலசமயம் உங்கள் மொழியில் ஏதாவது சொல்லுங்கள் என்பார்கள். கதிரை, மேசை, சன்னல், அலுமாரி, சப்பாத்து என்று சொல்வேன். எல்லாம் யாழ்ப்பாணத்தில் அம்மா பேசிய தமிழ். போர்த்துக்கீசர் ஒரு காலத்தில் விட்டுவிட்டுப் போன சொற்கள். கடைசியில் கொஞ்சம் மூக்கால் இழுத்தால் போதும். மொரீன் என்ற உறுப்பினர் ஒருமுறை லிஸ்பன் போய் வந்தவர். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, கவிதை மாதிரி இருக்கிறது என்றார். நான் சொல்லியிருந்தது காலில் போடுகிற சப்பாத்தும் துணி வைக்கிற அலுமாரியும்.

அமலதாஸ் இந்த நாட்டுக்குப் படகில் அகதியாக வந்தவன். செவன் ஹில்ஸில் வேறு இரண்டு பேரோடு ஓர் அறையில் இருந்தான். நான் கல்நெஞ்சன் இல்லை. மண்டபத்தில் எல்லோரும் உட்காரக் கதிரை அடுக்கும் வேலையை அவனுக்குப் பிடித்துக் கொடுத்தது நான்தான். ஒரே நிபந்தனை, அங்கே என்னை அண்ணை என்று கூப்பிடக் கூடாது.

"அப்ப என்னெண்டு கூப்பிடுறது?"

"மிஸ்டர் ஜோசே."

சொல்லிப் பார்த்தான். "வாய்க்குள்ள சோத்தை வைச்சுக்கொண்டு கதைக்கிற மாதிரிக் கிடக்கு, அண்ணை."

ஒரு ஞாயிறு அவன் மண்டப வாசலில் நின்று, "மிஸ்டர் ஜோசே, கதிரை காணுமோ, இன்னும் போடவோ?" என்று கேட்டுவிட்டான். மொரீன் திரும்பினார். கதிரை அவருக்கு விளங்கிவிட்டது. ஜோசே, இவரும் உங்கள் மொழிதான் பேசுகிறார் என்றார். எல்லோரும் பார்த்தார்கள். நல்லவேளையாகக் கிழக்குத் திமோர் ஞாபகம் வந்தது. அங்கேயும் போர்த்துக்கீசர் இருந்தார்கள். அங்கே கறுப்பாகவும் இருக்கலாம். திமோர்க்காரர் என்றேன். அப்படியா என்று மொரீன் அவனையே கேட்டார். அவன் என் முகத்தைப் பார்த்தான். "ஓம்," என்றான். அதையும் அவர் போர்த்துக்கீசம் என்றே எடுத்துக்கொண்டார்.

அன்று போட்டது ஒரு பழைய அமெரிக்கப் படம். வெள்ளைக்காரியாக நடித்து வாழும் பாடகி ஒருத்தி. அவளுடைய கறுப்புத் தகப்பன் ரயில் நிலையத்தில் பெட்டி தூக்குகிறவர். அவள் அவரை அறியாதவள்போல, பார்த்துத் தூக்கு என்கிறாள். மகளாக நடித்தவளோ அசல் வெள்ளைக்காரி; அந்தக் காலத்துப் பட முதலாளிகள் கறுப்பு இரத்தத்தைக் கதையோடு நிறுத்திக்கொண்டார்கள். இதையெல்லாம் படம் முடிந்ததும் இருபது நிமிடம் விளக்கினேன். தன் தோலைத் தானே வெறுக்கப் பழக்குவதுதான் இனவெறியின் உச்சம் என்றேன். மூன்று பேர் அழுதார்கள். மற்றவர்கள் கை தட்டினார்கள். அமலதாஸ் பின்சுவரில் சாய்ந்து நின்றான்.

பிறகு குசினியில் கோப்பை கழுவிக்கொண்டே சொன்னான்: "நல்லாக் கதைச்சனீங்கள், அண்ணை. எனக்கெண்டால் அந்தப் பிள்ளையில கோவம் வரேல்லை. தகப்பன் ஏன் அந்த நேரம் பார்த்து அங்க போய் நிண்டவர்?"

அவன் கையைத் துடைத்தான்.

"வாற செவ்வாய் விசாரணை. நான் ஆரெண்டு நம்பிறாங்கள் இல்லை. பேப்பர் எல்லாம் கடலோட போட்டுது. கூடப்பிறந்தவர் ஒருத்தர் வந்து, இவன் என்ர தம்பியெண்டு சொன்னாக் காணுமாம். வினுஷா சொன்னவ."

"வாறன்," என்றேன். வரவும் செய்தேன். அதை நீங்கள் பார்த்தீர்கள்.

மொரீன் அங்கே இருப்பார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தான் திமோர் இல்லை, தமிழன் என்பதை அமலதாஸ் அவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறான். அவர் அவனுடைய நன்னடத்தைக்குச் சாட்சி சொல்ல வந்திருந்தார். என்னைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் விடவில்லை. ஜோசே, நீங்களும் உதவி செய்ய வந்தீர்களா என்று மொரீன் என் கையைப் பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை.

அதிகாரி கேட்டார், இவர் உங்கள் தம்பியா என்று. இல்லை, மண்டபத்தில் பழக்கம், வேலையில் ஒழுங்கானவர் என்றேன். நிதானமாக, நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி அமலதாஸ் பக்கம் திரும்பினார். விண்ணப்பத்தில் அண்ணன் என்று எழுதியிருக்கிறீர்களே என்றார். நீங்கள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள். அவன் மொரீனைப் பார்த்தான், பிறகு என்னை.

"நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன், ஐயா. இவர் ஆரோ."

உங்கள் கட்சிக்காரனே மறுத்தபின் நீங்கள் என்ன செய்ய முடியும். பொய் சொல்கிறவன் என்று தீர்ப்பில் எழுதினார்கள். இப்போது தடுப்பு முகாமில் இருக்கிறான். விமானம் வியாழக்கிழமை. நான் உண்மையை எழுதிக் கையெழுத்திட்டால், நாளைக்கே மொழிபெயர்த்து நீதிமன்றத்தில் கொடுத்து, அனுப்புவதை நிறுத்திப் பார்க்கலாம் என்கிறீர்கள்.

எழுதுகிறேன். அமலதாஸ் என் தம்பி. ஒரே தாய், ஒரே தகப்பன். அன்று நான் சொன்னது பொய். அவன் சொன்னதும் பொய், ஆனால் அது எனக்காகச் சொன்னது. திரும்பிப் போனால் அவனைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்பது அந்த அறைக்குள் நுழையும்போதே எனக்குத் தெரியும். வெட்கமாக இருக்கிறது. சற்று முன் கண்ணாடியில் பார்த்தேன், காது இரண்டும் சிவந்திருந்தன. அமலதாசுக்கு வெட்கம் வந்தால் வெளியே தெரியாது.

கையெழுத்தும் போட்டிருக்கிறேன், சூசைப்பிள்ளை என்றே. எதையும் மறைக்கவில்லை என்பது படிக்கும்போது உங்களுக்கே விளங்கும். மனம் இப்போது இலேசாக இருக்கிறது. ஒரேயொரு வேண்டுகோள். மொரீன் இந்த வழக்கை விடாமல் கவனிக்கிறார், தாள்களையெல்லாம் கேட்டு வாங்கிப் படிக்கிறார். ஆகையால் இதை ஆங்கிலத்தில் மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம்.